சில்வர் ஓக்கில் நாலு கம்பி பேஸ்: உளி வைக்கறதுக்கு முன்னாடி அளவு பாருங்க (சேலம் / ஏற்காடு)

#1 காப்பிப்பூ

எல்லாருக்கும் வணக்கம். நாலு கம்பி எலெக்ட்ரிக் பேஸ் கிதார் ஒண்ணு, பாடி (உடம்பு) நெக் (கழுத்து) ரெண்டுமே கையால கட்டறதா திட்டம். பட்டறை அம்மாபேட்டையில, வாசிக்கறது ஏற்காட்டுல. வரைபடம் முடிஞ்சது, மரம் இன்னும் தொடல. தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

ஸ்கேல் (ஆடற கம்பியோட நீளம்) 34 இஞ்ச் (863.6 மி.மீ), 20 ஃப்ரெட் (நெக்ல குறுக்கா பதிக்கற உலோகக் கம்பி).
பாடி சில்வர் ஓக், ரெண்டு பலகை நடுவில ஒட்டு, கனம் 42 மி.மீ.
நெக்கும் அதே சில்வர் ஓக், ஒரே துண்டு, நாலு ஸ்க்ரூ வச்சுப் பூட்டறது. ஃப்ரெட்போர்டு (நெக் மேல ஒட்டற, ஃப்ரெட் பதிக்கற பலகை) ஈட்டி மரம், 6 மி.மீ.
ஹீல், அதாவது பாடியில உக்காரற நெக் அடிப்பாகம், மொத்தக் கனம் 28 (நெக் 22 + போர்டு 6). பாடியில நெக் குழி ஆழம் 16. ஸ்க்ரூ 50 மி.மீ.
நட்ல (நெக் தலைப்பக்கம் கம்பி உக்காரற கட்டை) அகலம் 40, ஹீல்ல 60. பிரிட்ஜ்ல (பாடியில கம்பி முடியற இடம்) கம்பிக்குக் கம்பி 19.
பிரிட்ஜ் சாதாரண வளைச்ச தகடுதான். சாடில் (பிரிட்ஜ்ல கம்பி உக்காரற துண்டு) உயரம் 10லேர்ந்து 15 மி.மீ வரைக்கும் ஏறும்.
பிக்கப் (கம்பி ஆடறதை மின்சாரமா மாத்தற காந்தச் சுருள்) பி டைப் (பிரிசிஷன் பேஸ் வகை) ஒண்ணு, ஜே டைப் (ஜாஸ் பேஸ் வகை) ஒண்ணு.

மரம் எஸ்டேட்ல நிழலுக்கு வச்சது. ரெண்டு இஞ்ச் பலகையா அறுத்து எட்டு மாசமா ஷெட்ல அடுக்கி இருக்கு.

#2 மரத்தூள்

எட்டு மாசம்னு படிச்சதோட நின்னுட்டேன், மத்த அளவுக்குப் போகவே இல்ல. முதல்ல இதை முடிச்சிடுவோம்.

ரெண்டு இஞ்ச் பலகை, மலை மேல ஷெட், நடுவில ஒரு மழைக்காலம். உலர்ந்திருக்காது. மேல தடவிப் பார்த்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிக்கும். காத்துல உலர்த்த ஆசாரிங்க சொல்ற கணக்கு இஞ்ச்சுக்கு ஒரு வருஷம். ஏற்காட்டுல அதுக்கும் கூட ஆகும்.

காத்துல ஈரப்பதம் 85 சதத்துல நின்னா மரம் 18 சத ஈரத்துல போய் நிக்கும். 40 சதத்துக்கு இறங்கினா ஏழரை, எட்டு. மழைக்கால ஏற்காடும் ஏப்ரல் மாச சேலமும் கிட்டத்தட்ட இந்த ரெண்டு முனைங்கதான். நடுவில இருக்கறது 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரம். இந்த பேஸ் வாழ்நாள் பூரா அந்த ரோட்டுல ஏறி இறங்கப் போகுது. அதனால உங்க வரைபடத்துல முதல் வரி ஸ்கேல் இல்லீங்க, மரத்தோட ஈரம்.

அளக்கற விதம்: பலகை முனையிலேர்ந்து ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு இஞ்ச் துண்டு வெட்டுங்க. முனையில வெட்டினா பொய் சொல்லும், முனை எப்பவும் முன்னாடியே காஞ்சிடும். வெட்டின உடனே எடை போடுங்க, நகைத் தராசு இருந்தா நல்லது. அப்புறம் ஓடிஜி அடுப்புல 103 டிகிரி. ரெண்டு மணிக்கு ஒரு தரம் எடை. எடை குறையறது நின்னதும் அதுதான் உலர் எடை. குறைஞ்ச கிராமை உலர் எடையால வகுத்து நூறால பெருக்கினா ஈரச் சதம். நமக்கு வேண்டியது 10லேர்ந்து 11. ரெண்டு ஊருக்கும் நடுவில அது நிக்கும்.

பலகையைக் கீழ சேலத்துக்குக் கொண்டு வந்து, தரையிலேர்ந்து தூக்கி, நடுவில ஒரே கனத்துல ரீப்பர் வச்சு அடுக்குங்க. ரீப்பர் ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேர்கோட்டுல இருக்கணும், இல்லன்னா பலகை அலை அலையா நெளியும். முனைக்கு மெழுகோ பெயின்டோ அடிங்க. வெயில்ல மட்டும் வைக்காதீங்க. மேல்பக்கம் சுருங்கி வாய் பிளந்துடும்.

#3 நாலுகம்பி

மரத்தூள் சொன்னதுக்கு மேல மரத்தைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்ல. அளவுல ஒரு பெரிய தப்பு இருக்கு, அதைச் சொல்றேன்.

ஹீல் கனம் 28, குழி 16. அப்போ ஃப்ரெட்போர்டு மேல்பக்கம் பாடியை விட 12 மி.மீ உசந்து நிக்கும். ஃப்ரெட் தலை 1.2 சேர்த்தா 13.2. பன்னிரண்டாவது ஃப்ரெட்ல கம்பி உயரம் சுமார் 2.2 வைப்போம். கம்பி நட்ல ஃப்ரெட் தளத்தை விட சுமார் 0.2 மேல தொடங்கி சாய்வா ஏறுது, பன்னிரண்டு சரிபாதி. அப்போ சாடில் இருக்கற இடத்துல ஃப்ரெட் தளத்தை விட 4.2 மேல வரும். 13.2 + 4.2 = 17.4.

உங்க பிரிட்ஜ் ஏறறது 15 வரைக்கும். மொத்த பேஸும் கட்டி முடிச்சு கம்பி பூட்டற அன்னைக்குத்தான் இது தெரியும்: சாடில் ஸ்க்ரூ மேல முட்டி நிக்கும், கம்பி ஃப்ரெட்ல படுத்துக் கிடக்கும்.

குழியை 19 ஆக்குங்க. 28 − 19 = 9, அதோட 1.2, அதோட 4.2, மொத்தம் 14.4. அதுவும் மேல் ஓரத்துலதான் நிக்குது, ஆனா ஓடும். சாதாரணமா நடக்கற கணக்கு ஹீல் 25, குழி 16. அதே 9தான் வருது பாருங்க. உங்க ஹீல் 3 மி.மீ தடி, அதுக்குச் சமமா குழியும் 3 இறங்கணும், அவ்வளவுதான்.

இப்போ ஸ்க்ரூ. குழி 19ன்னா கீழ மிச்ச மரம் 42 − 19 = 23. பின்தகடு 2. ஸ்க்ரூ 50ன்னா நெக்குக்குள்ள 25 போகும். ஹீல் 28. போர்டு மேல்பக்கத்துக்கு 3 மி.மீதான் பாக்கி. போர்டே 6 கனம், ஸ்க்ரூ முனை ஈட்டிக்குள்ள பூந்து 18வது ஃப்ரெட் பக்கம் புடைச்சுக்கும். 45 மி.மீ வாங்குங்க, 20 உள்ள போகும், பாக்கி 8. பாடியில துளை 4.5, ஸ்க்ரூ தொளதொளன்னு போகணும். நெக்ல மட்டும் 3 மி.மீ துளை. பாடியிலயும் மரை பிடிச்சா எவ்வளவு இறுக்கினாலும் நெக் குழியோட ஒட்டாது, நடுவில ஒரு மயிரிழை இடைவெளி நிக்கும். மரைக்கு மெழுகு தடவுங்க.

#4 குகைக்காரன்

17.4... இதைப் படிச்சு எத்தனை பேர் ராத்திரியே எழுந்து தங்களோட குழியை அளக்கப் போறாங்களோ.

சந்தேகம் ஒண்ணு. சில்வர் ஓக்குக்குப் பதிலா பலா வைக்கலாமே? வீணைக்கே தஞ்சாவூர்ல பலாதான் குடையறாங்க. நாதம் நல்லா இருக்கும்ல?

#5 நாலுகம்பி

> வீணைக்கே தஞ்சாவூர்ல பலாதான்

வீணையில குடமே ஒலிப்பெட்டி. உள்ள குடைஞ்ச காத்தும் மேல இருக்கற பலகையும் சேர்ந்து ஒலிக்குது. எலெக்ட்ரிக் பேஸ்ல அப்படி எதுவும் இல்ல. கம்பி காந்தத்துக்கு மேல ஆடுது, சுருள்ல மின்சாரம் வருது. பிக்கப் எந்த இடத்துல இருக்கு, கம்பி என்ன வகை, நெக் எவ்வளவு விறைப்பு, இந்த மூணும்தான் பெரிய பங்கு. பாடி மரத்தால முதல்ல தெரியற வித்தியாசம் தோள் வலி.

கணக்கு போட்டுப் பாருங்க. இந்த வடிவ பாடி பரப்பு சுமார் 1100 சதுர செ.மீ. 42 கனத்துக்கு 4.6 லிட்டர், குழிங்க போக 4.3. சில்வர் ஓக் லிட்டருக்கு 0.6 கிலோன்னா 2.6 கிலோ. பலாவும் கிட்டத்தட்ட அதே. வேங்கை 0.8, அப்போ 3.4 கிலோ. மலைவேம்பு 0.4, வெறும் 1.7. ஆனா அது ஸ்க்ரூவைப் பிடிக்காது, நகம் பட்டாலே குழி விழும்.

லேசா இருந்தா நல்லதுதானேன்னு யாரும் மலைவேம்புக்குப் போயிடாதீங்க. பாடி லேசானா ஹெட்ஸ்டாக் (நெக்கோட தலை) கீழ சாயும். அதுல மாட்டற சாதாரண பேஸ் டியூனர் (கம்பி முறுக்கற சாவி) ஒண்ணு 90லேர்ந்து 110 கிராம், நாலுக்கு 400. நெக் நீளத்துல, கடைசி முனையில அந்த 400 கிராம் தொங்குது. வார் மாட்டற மேல் கொம்பு பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரா வரைக்கும் நீண்டா ஓரளவு சமன் ஆகும். காப்பிப்பூ, உங்க வரைபடத்துல கொம்பு எங்க முடியுது? பதினாலுக்கு நேர நின்னா இழுத்து நீட்டுங்க, இப்ப பென்சில் வேலைதான்.

#6 காப்பிப்பூ

பதினாலரையில நிக்குது. நீட்டிடறேன். குழி 19, ஸ்க்ரூ 45 ரெண்டும் திருத்தியாச்சு. ரொம்ப நன்றிங்க.

மரத்தூள் அண்ணா, நெக்குக்கு சில்வர் ஓக் ஒரே துண்டு போதுமா? அதுக்கு நீங்க எதுவும் சொல்லல.

#7 மரத்தூள்

சொல்லாம விட்டது வேணும்னேதான், தனியா எழுதணும்னு.

போதாது. தோட்டத்துல சீக்கிரம் வளர்ந்த சில்வர் ஓக்கோட விறைப்பு நல்ல தேக்குல மூணுல ரெண்டு பங்குதான் தேறும். நாலு கம்பி சேர்ந்து நெக்கை இழுக்கறது 75லேர்ந்து 80 கிலோ, ராத்திரி பகல் விடாம. கூடவே, இந்த மரம் வளையக் கோட்டு வாக்குல விரியற அளவும் குறுக்கு வாக்குல விரியற அளவும் ஒண்ணு இல்ல, ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். கோடு சாய்வா ஓடற துண்டு கிடைச்சா நெக் முறுக்கிக்கும். வளைவை ட்ரஸ் ராடு (நெக்குக்குள்ள பதிக்கற, திருப்பி இறுக்கற இரும்புக் கம்பி) எடுக்கும். முறுக்கை எந்த ராடும் எடுக்காது.

பாடிக்கு சில்வர் ஓக் அருமை. வளையக் கோடு பலகை முகத்துக்குச் செங்குத்தா நிக்கற மாதிரி அறுத்தா பாம்புத்தோல் மாதிரி பளபளன்னு புள்ளி ஓடும். அதை மேல் முகத்துல காட்டுங்க. நெக்குக்குப் பழைய தேக்கு.

பழைய மரக்கடையில இடிச்ச வீட்டு உத்தரம், நிலைவாசல் சட்டம் கிடைக்கும். அம்பது அறுபது வருஷம் வீட்டுக்குள்ளயே காஞ்ச மரம். ஆணி இருக்கான்னு ஒரு காந்தத்தை இழுத்துப் பார்த்துட்டு அறுங்க. வேண்டிய அளவு ரொம்பக் கம்மிதான்: பாடிக்கு 0.3 கன அடி, நெக்குக்கு 0.1கூட வராது. அரை கன அடிக்குப் புது மரம் அறுத்துத் தரச் சொன்னா மில்லுல முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. அதுக்கும் பழைய மரக்கடைதான் சரி.

மூணு பட்டை, ஒவ்வொண்ணும் 22 மி.மீ அகலம். நடுப்பட்டையைத் தலைகீழாத் திருப்பி ஒட்டுங்க, ஒண்ணு வலப்பக்கம் முறுக்கினா இன்னொண்ணு இடப்பக்கம் இழுக்கும். மொத்தம் 66, ஹீல் 60க்கு இழைக்க இடம் இருக்கு. ஹெட்ஸ்டாக்குக்கு அகலம் பத்தாது, ரெண்டு பக்கமும் காது ஒட்டிக்கலாம். தேக்குல எண்ணெய் இருக்கு, ஒட்டற முகத்தை அசிட்டோன்ல துடைச்சு கால் மணி நேரத்துக்குள்ள பசை வச்சிடணும். துடைச்சு வச்சுட்டு டீ குடிக்கப் போனா எண்ணெய் மறுபடி மேல வந்துடும்.

ட்ரஸ் ராடு ரெண்டு பக்கமும் திருப்பற வகை வாங்குங்க. மலை ஏறினா நெக் எந்தப் பக்கம் வளையும்னு முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது, நெக் மரமும் போர்டு மரமும் வேற வேற. ராடு கையில வந்த பிறகுதான் அது உக்காரற காடியை (பள்ளத்தை) வெட்டணும். முதல் ஃப்ரெட்டுக்குக் கீழ நெக் மொத்தம் 21, போர்டு 6 போனா 15. காடி ஆழம் 9.5ன்னா அடியில மிச்சம் ஐந்தரை. பின்பக்கம் உருட்டும்போது அந்த ஐந்தரை ஞாபகம் இருக்கட்டும். நடுவில நாலுக்குக் கீழ போனா, ராடை இறுக்கற ஒரு நாள் முதுகுல கோடு விழும். காடி வெட்டற வரைக்கும் நெக் துண்டு நீள்சதுரமாவே இருக்கணும். சரிவா அறுத்துட்டு அப்புறம் ரௌட்டர் ஓட்டினா கைடு எதுல சாயும்?

#8 குகைக்காரன்

ராடுக்கு ரெண்டு பக்கமும் விறைப்புக்குக் கார்பன் ஃபைபர் பட்டை பதிப்பாங்களே, அதுக்குப் பதிலா ஸ்டெயின்லெஸ் பட்டை வச்சுட்டா? நம்ம ஊரு சாமான், ஸ்டீல் பிளான்ட் இருக்கற ஊருல கார்பனுக்குப் பணம் கொடுக்கணுமா?

#9 மரத்தூள்

விறைப்புல ஸ்டீல் குறைச்சல் இல்ல, அதிகமாவே இருக்கும். எடையைப் பாருங்க. 3க்கு 6 மி.மீ பட்டை, அரை மீட்டர் நீளம், ரெண்டு: ஸ்டீல்னா 142 கிராம். கார்பன் ஃபைபர்னா 29. ஏற்கனவே ஹெட்ஸ்டாக் சாயுமான்னு பேசிட்டு இருக்கோம். கார்பன் பட்டை பட்டம், ட்ரோன் சாமான் விக்கற இடத்துல கிடைக்கும். அரால்டைட் வச்சுப் பதிக்கணும், ஃபெவிக்கால் அதைப் பிடிக்காது. பதிக்கறதுக்கு முன்னாடி உப்புத்தாள்ல சுரண்டி மினுமினுப்பைப் போக்கிடுங்க. தூள் மூச்சுல போகாம ஈரம் வச்சுத் தேய்ங்க.

#10 வெள்ளிப்பட்டறை

ஃப்ரெட் பத்தி யாரும் தொடல.

நட்லேர்ந்து தூரம்: முதல் ஃப்ரெட் 48.47, ஐந்து 216.63, ஏழு 287.22, பன்னிரண்டு 431.80, இருபது 591.58. எல்லாத்தையும் நட்லேர்ந்தே அளங்க. ஒரு ஃப்ரெட்லேர்ந்து அடுத்த ஃப்ரெட்டுக்கு அளந்துகிட்டே போனா ஒவ்வொண்ணுலயும் கால் மி.மீ பிழை சேர்ந்து இருபதுல போய் பேஸ் அழும். காகிதத்துல அச்சடிச்சு ஒட்டறதா இருந்தா வீட்டு பிரின்டர்ல ஏ4 துண்டுதுண்டா வேண்டாம், கட்டட வரைபடம் எடுக்கற பிளாட்டர் கடையில ஒரே தாளா எடுங்க. எடுத்ததும் ஸ்டீல் ஸ்கேல் வச்சு 431.8 வருதான்னு பாருங்க. 430 வந்தா தாள் குப்பைக்கு.

காடி அறுக்கற ரம்பம்தான் முக்கியம். ஃப்ரெட் கம்பியோட கால் 0.5லேர்ந்து 0.55 கனம், அதுல பக்கவாட்டுல சின்ன முள் இருக்கும். காடி 0.58 இருந்தா முள் கடிச்சுப் பிடிக்கும். ஹேக்சா பிளேடு தகடு 0.65, பல் ரெண்டு பக்கமும் சாஞ்சிருக்கறதால அறுத்தா 0.9 வரும். அதுல ஃப்ரெட் தொட்டா கழண்டு வரும். வேற வழி இல்லன்னா பிளேடை எண்ணெய்க் கல்லுல ரெண்டு பக்கமும் தேய்ச்சுப் பல்லோட சாய்வை எடுத்துடுங்க, 0.65க்கு இறங்கும். அப்பவும் காடியில மெல்லிசான ஃபெவிக்விக் விட்டாத்தான் நிக்கும். ஃப்ரெட் ரம்பம் ஒண்ணு வாங்கிடறதுதான் நிம்மதி. காடி ரொம்ப இறுக்கமா இருந்தாலும் வம்பு, இருபது ஆப்பு அடிச்ச மாதிரி நெக் பின்னாடி வளைஞ்சுக்கும்.

ஃப்ரெட் கம்பி ஒன்றரை மீட்டர் வாங்கினா போதும், ஒண்ணு ரெண்டு கெட்டாலும் மிஞ்சும்.

நட் காடிக்குத் தனி அரம் செட் விலை அதிகம். 45-65-85-105 கம்பின்னா (இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு; மெல்லிசுலேர்ந்து ஜி, டி, ஏ, இ) காடி அகலம் 1.14, 1.65, 2.16, 2.67 மி.மீ. செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறைக்குச் சாமான் விக்கற கடையில ஊசி அரம் தனித்தனியா கிடைக்கும், உருண்டை வகை ரெண்டு அளவு எடுங்க. அது முனை சிறுத்து வரும், அதனால ஒரே இடத்துல வச்சு இழுக்கணும், முழு நீளமும் ஓட்டினா காடி புனல் மாதிரி ஆயிடும். ஜி கம்பிக்கும் டி கம்பிக்கும் கேஸ் வெல்டிங் கடையில விக்கற டிப் கிளீனர் செட்டே போதும். காடி ஹெட்ஸ்டாக் பக்கம் கொஞ்சம் கீழ சாயணும். மட்டமா இருந்தா கம்பி நடுவில எங்கயோ உக்காந்து சிதார் மாதிரி ரீங்காரம் வரும்.

ஆழம்: மூணாவது ஃப்ரெட்ல கம்பியை அழுத்துங்க. முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில 0.2 மி.மீ, ரெண்டு தாள் போற இடைவெளி. அதோட அரத்தைக் கீழ வச்சிடுங்க.

#11 காப்பிப்பூ

டிப் கிளீனர் யோசனை அபாரம்.

ஃப்ரெட் முனை கையைக் கீறுதுன்னு நிறைய பேர் சொல்றாங்களே, அது வேலை சரியில்லாததாலயா?

#12 வெள்ளிப்பட்டறை

பெரும்பாலும் மரம் சுருங்கினதால. போர்டு அகலம் 60. மரத்தோட ஈரம் நாலு சதம் இறங்கினா அகலத்துல அரை மி.மீ வரைக்கும் போகும், பக்கத்துக்குக் கால். ஃப்ரெட் உலோகம், அது சுருங்காது. அந்தக் கால் மி.மீதான் சீப்பு மாதிரி கையில கீறுது. மலையில மழைக்காலத்துல ஃப்ரெட் முனையைச் சமமாத் தேய்ச்சு முடிச்சுட்டு மார்ச்ல கீழ கொண்டு வந்தா கட்டாயம் நீட்டும். சேலத்துல, மழை இல்லாத மாசத்துல ஃப்ரெட் அடிங்க. ஏறும்போது மரம் விரிஞ்சா முனை உள்ள போகும், கை தப்பிச்சுது.

ஈட்டியை ரசீதோட வாங்குங்க. 2017லேர்ந்து ஈட்டி சைட்டிஸ் (அழியற ஆபத்துள்ள உயிரினங்களோட சர்வதேச வணிக ஒப்பந்தம்) ரெண்டாம் பட்டியல்ல இருக்கு. 2019ல செஞ்சு முடிச்ச இசைக்கருவிக்கு விலக்கு கொடுத்தாங்க, பலகைக்குக் கொடுக்கல.

#13 ஈயப்பற்று

மின்சாரப் பக்கம் என் வேலை.

பி டைப் பிக்கப் 1957லேர்ந்து ரெண்டு துண்டா வருது, ரெண்டு சுருளும் எதிரெதிரா இருக்கறதால இரைச்சல் தனக்குத்தானே கழிஞ்சுடும். ஜே டைப் ஒத்தைச் சுருள். ஜாஸ் பேஸ்ல ரெண்டு ஜே இருக்கு, ரெண்டையும் முழுசாத் திறந்தா கழியும். உங்ககிட்ட ஒரு பி, ஒரு ஜே. ஜேயைத் திறந்த உடனே 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும், அதைக் கழிக்க ஜோடி இல்ல. உள்ளயே ரெண்டு சுருள் இருக்கற ஜே வாங்கிடுங்க. இல்லன்னா ஜேயை விட்டுட்டு பி ஒண்ணே போடுங்க, எண்பதுகளோட சினிமாப் பாட்டுல கேக்கற உருண்டையான சத்தம் வேணும்னா பியும் வழவழ கம்பியும் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஸ்பாஞ்ச் துண்டும் போதும்.

இடம்: பியோட நடு, சாடில்லேர்ந்து 14லேர்ந்து 15 செ.மீ. ஜே சுமார் 9 செ.மீ. எழுபதுகள்ல அதை இன்னும் ஒரு செ.மீ பிரிட்ஜ் பக்கம் தள்ளினாங்க, சத்தம் கூர்மையாகும்.

சாமான்: 250 கிலோ ஓம் ஆடியோ வகை பாட் (வால்யூம், டோன் திருப்பற கண்ட்ரோல்) மூணு, 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு, 6.35 மி.மீ ஜாக். பாட்டை வாங்கும்போதே மல்டிமீட்டர்ல பாருங்க, 20 சதம் கூடக் குறைய வரும். வால்யூமுக்கு அதிகமா காட்டறதை வைங்க. ரெண்டு வால்யூம் வைக்கும்போது பிக்கப் வயரை நடுக்காலுக்குக் கொடுங்க, வெளியே போறதை ஓரக்காலுக்கு. மாத்திக் கொடுத்தா ஒண்ணைக் குறைச்சதும் ரெண்டும் சேர்ந்து செத்துடும்.

குழிங்க முழுக்க தாமிரப் பட்டை ஒட்டுங்க. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில பசை தடுக்கும், அதனால ஒவ்வொரு இணைப்புலயும் ஒரு சொட்டு ஈயம். பிரிட்ஜுக்கு அடியிலேர்ந்து ஒரு வயர் பாட் முதுகுக்கு. முடிஞ்சதும் பிரிட்ஜுக்கும் ஜாக் உறைக்கும் நடுவில ஒரு ஓமுக்குக் கீழ காட்டணும். பாட் முதுகுல ஈயம் ஒட்டலன்னா அங்க உப்புத்தாள் போடுங்க, 40 வாட் அயர்ன். 25 வாட்ல வச்சுகிட்டே நின்னா பாட் உள்ள வெந்துடும்.

கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதா? அது சாதாரணம். தொட்டா ஏறுதா? எர்த் எங்கயோ விட்டிருக்கு, அதைப் பார்க்காம வாசிக்காதீங்க. பழைய வீட்டு மூணு பின் பிளக்ல எர்த் வயர் வெறும் அலங்காரமா இருக்கும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்க. கரண்ட் போனப்போ மட்டும் கர்ருனு வந்தா பேஸ் மேல தப்பு இல்ல, சதுர அலை இன்வெர்டர்.

#14 நாலுகம்பி

பிரிட்ஜ் துளை போடறதுக்கு அவசரப்படாதீங்க. நெக்கைப் பூட்டி, இ கம்பிக்கும் ஜி கம்பிக்கும் நட்லேர்ந்து நூல் இழுத்துக் கட்டி, ரெண்டு ஓரத்துலயும் போர்டு மிச்சம் சமமா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் குறி. ஜி சாடில் 863.6ல வரணும், அதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு மி.மீ நகர இடம் வேணும். இ சாடில் அதை விட 5, 6 மி.மீ பின்னாடி போய் நிக்கும். தடிச்ச கம்பி அழுத்தும்போது கூடுதலா சுருதி ஏறும், அதுக்குத்தான் அந்த நீளம். எல்லா சாடிலையும் 863.6ல வச்சுட்டுப் பிரிட்ஜைப் பூட்டினா இ கம்பிக்குப் பின்னாடி போக இடமே இருக்காது.

கடைசி செட்டிங்: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தி, ஏழுல ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் மெக்கானிக் சாமான் கடையில கிடைக்கும். பன்னிரண்டுல இ 2.5, ஜி 2. ராடைத் திருப்பினா கால் சுத்து, அப்புறம் ஒரு ராத்திரி விட்டுட்டுப் பாருங்க. பிக்கப் கடைசி ஃப்ரெட்டை அழுத்தின நிலையில கம்பிக்கு 3 மி.மீ கீழ. பக்கத்துல ஏத்தினா காந்தம் கம்பியை இழுத்து மேல் ஃப்ரெட்ல சுருதி நடுங்கும்.

ஜி கம்பியில ஐந்துலேர்ந்து ஏழுக்குள்ள ஒரு சுரம் டொக்குனு செத்துப் போனா பதறாதீங்க, நெக்கோட சொந்த அதிர்வு அந்தச் சுரத்தைத் தின்னுது. ஹெட்ஸ்டாக்ல ஒரு சின்ன கிளாம்ப் மாட்டிப் பாருங்க, இடம் நகரும். இடத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும், ஒழிக்க முடியாது.

#15 குகைக்காரன்

பாலிஷ்? ஆசாரிகிட்ட பிரெஞ்சு பாலிஷ் போட்டுட்டா பாம்புத்தோல் ஜொலிக்குமே.

#16 மரத்தூள்

ஜொலிக்கும், வேர்வை பட்டா மூணு மாசத்துல வெளுக்கும். அரக்கு வேர்வைக்கும் ஸ்பிரிட்டுக்கும் நிக்காது. முதல் பூச்சா வேணும்னா அரக்கு அடிச்சுக்கலாம், மரத்தோட பொலிவு எழும்பும். மேல கார் பெயின்டிங் பட்டறையில டூ கே கிளியர் (ரெண்டு பாகம் கலந்து அடிக்கற நிறமில்லாத பூச்சு). நெக் முதுகுக்கு எண்ணெய் மட்டும், கை ஒட்டாம ஓடும்.

எந்தப் பூச்சா இருந்தாலும் ரெண்டு முகத்துக்கும் ஒரே அளவு. நெக் குழிக்கு உள்ளே, பிக்கப் குழிக்கு உள்ளே, ஸ்க்ரூ துளை வாய், எதையும் விடாதீங்க. மேல மட்டும் பளபளன்னு அடிச்சுட்டுக் குழியை வெறுமனே விட்டா ஈரம் அந்த வழியாவே ஏறி இறங்கி, நடு ஒட்டுல பாடி பிளவு காட்டும். பூச்சு ஈரத்தை நிறுத்தாது, மெதுவாக்கும். மலை ஏறி இறங்கற கருவிக்கு அந்த மெதுவு போதும்.

சில்வர் ஓக்ல ரெண்டு எச்சரிக்கை. அந்தப் புள்ளிங்க இழைப்புளிக்கு எதிர்த்துப் பேந்துக்கும், உளியை நல்லா தீட்டிட்டு மெல்லிசா சீவுங்க, கடைசி அரை மி.மீ உப்புத்தாள்லயே எடுங்க. இன்னொண்ணு தூள். சிலருக்குத் தோல் அரிச்சுத் தடிக்கும். முழுக்கை சட்டை, மாஸ்க், வேலை முடிஞ்சதும் குளியல்.

#17 காப்பிப்பூ

துண்டு வெட்டி அடுப்புல வச்சுப் பார்த்தாச்சு. 124 கிராம், 106.5ல நின்னுச்சு. 16.4 சதம். பலகைங்களை இன்னைக்கே கீழ இறக்கியாச்சு. எவ்வளவு நாள் காத்திருக்கணும்?

#18 மரத்தூள்

நாள் கணக்கு வேண்டாம், எடைக் கணக்கு. ஒவ்வொரு பலகையையும் இன்னைக்கே எடை போட்டு அது மேலயே எழுதுங்க. அந்த எடையை 1.164ஆல வகுத்து 1.11ஆல பெருக்குங்க. பலகை 6.2 கிலோன்னா 5.9க்கு வரணும். வாரம் ஒரு தரம் போட்டு, அந்த எடைக்கு வந்து மூணு வாரம் அசையாம நின்னா உளி வைக்கலாம். 50 கனத்துலயே பாடி வடிவத்தைச் சுத்தி ஒரு இஞ்ச் விட்டு வெட்டி வச்சா சீக்கிரம் உலரும்.

அதுவரைக்கும் பிரிட்ஜ், டியூனர், ட்ரஸ் ராடு மூணையும் வரவழைச்சிடுங்க. வந்ததும் வெர்னியர்ல சாடில் உயரத்தை நீங்களே அளங்க. பெட்டியில போட்டிருக்கற 15ஐ நம்பிக் குழி வெட்டாதீங்க.

#19 காப்பிப்பூ

பிரிட்ஜ் வந்துடுச்சு. பெட்டியில 15, வெர்னியர்ல 13.8.

#20 நாலுகம்பி

அப்போ 14.4 எட்டாது. குழி 20. ஸ்க்ரூ அதே 45, ஒரு மி.மீ கூட உள்ள போகும், போர்டு மேல்பக்கத்துக்கு 7 இருக்கு, பயம் இல்ல. சாடில் கணக்கு 13.4.